சினையும் தூண்டிலும்

கொட்டாஞ்சேனையிலே நாம் தமிழ் கற்பிக்கும் பாடசாலையின் பத்தாந் தர வகுப்பறையில், சன்னலோரத்துக் கடைசி வாங்கிலே ஒரு மாணவன் இருக்கிறான். அவனுக்கு முன்னுள்ள வாங்கிலே எவரும் அமர்வதில்லை. முப்பத்தெட்டு மாணவர் நெருங்கியிருக்கும் அறையிலே அந்த ஒரு வாங்கு மாத்திரம் வெறுமையாகக் கிடப்பதை நாம் பல மாதங்களாகக் கண்டுவந்தோம், காரணத்தையும் அறிந்திருந்தோம், ஆயினும் ஒன்றும் கேளாதிருந்தோம்.

அவனுடைய தந்தையார் முகத்துவாரத்திலிருந்து சிறு படகிலே தொழிலுக்குச் செல்பவர். விடியுமுன் கரைசேரும் படகிலிருந்து மீனை இறக்குவதற்கும், வலையைக் கழுவுவதற்கும், கணவாயையும் சூடையையும் துண்டமாக்கித் தூண்டிற்காரருக்கு இரையாக விற்பதற்கும் மகன் துணைநிற்கிறான். அதன் பின்னரே வெண்ணிறச் சீருடை அணிந்து வகுப்புக்கு வருகிறான். சவர்க்காரத்தினால் எத்தனை முறை தேய்த்தாலும் கணவாயின் மணம் விரலிடுக்கை விட்டு அகல்வதில்லை. அந்த மணமே அவனுக்கும் ஏனைய மாணவருக்கும் இடையில் ஒரு வாங்கின் அகலத்துக்கு மதிலாக நின்றது.

தைமாத முடிவிலே ஒருநாள், பாடத்திட்டத்துக்குப் புறம்பாக, நெய்தல் திணையைப் பற்றி மாணவருக்கு எடுத்துரைத்தோம். நற்றிணையின் 45ஆம் பாட்டு எமக்கு மிக விருப்பமானது. தேரோடும் பெருநகரத்துச் செல்வன் ஒருவன் கடற்கரைச் சிற்றூருக்கு வந்து ஒரு பெண்ணை நாடி நிற்கிறான். அவளுடைய தோழி அவனை மறித்துப் பேசுகிறாள். இவள் மீன்பிடிப்போர் மகள். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களிடம் புலால் மணக்கும். நீ எட்ட நின்றுகொள். எங்கள் வாழ்வு உங்கள் வாழ்வைப் போன்றதன்று. ஆயினும் எங்களவருள்ளும் சிறந்தோர் உளர் என்று அவள் முடிக்கிறாள். தன் மணத்தைத் தானே எடுத்துக்கூறி, அதையே தன் மானத்துக்குக் காவலாக நிறுத்திய அந்தத் தோழியின் நிமிர்வைப் பற்றி நாம் உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தோம். அவ்வேளையிலே முன்வரிசையில் இருந்த ஒருவன் கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்து மூக்கைப் பொத்தினான். வகுப்பு முழுவதும் சிரித்தது.

நாம் செய்தது யாது? மேசையிலே பிரம்பைத் தட்டி, "அமைதி" என்றோம். பின்னர் பாட்டின் உள்ளுறைக்குச் சென்றுவிட்டோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மீனவப் பெண்ணின் மானத்துக்காக உருகிய எமது நாக்கு, பத்தடி தூரத்திலே தலைகுனிந்திருந்த ஒரு மீனவச் சிறுவனின் மானத்துக்காக ஒரு சொல்லையும் உதிர்க்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

நாம் மயிலிட்டியிலே பிறந்தோம். வடபுலத்தின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்று அது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எமக்கு இரண்டு வயது. துறைமுகம் இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. எம் தந்தையார் தமக்கெனப் படகு வைத்திருந்தவர் அல்லர். பிறருடைய படகிலே பங்குக்குச் சென்றவர். முகாம் வாழ்வு தொடங்கிய பின்னர் அந்தப் பங்கும் இல்லாமற் போயிற்று. பிற ஊர்க் கரைகளிலே வலை இழுத்தும், வாடிகளிலே கருவாடு போட்டும் அவர் எம்மைப் படிப்பித்தார். மீனைப் பிளந்து, கடல்நீரிலே கழுவி, உப்பிட்டு அடுக்கி, வெயிலிலே விரித்து, மாலையிலே வாரியெடுக்கும் அந்த வேலையை நாமும் விடுமுறை நாள்களிலே செய்தோம். உப்பு வெடித்த விரல்களோடுதான் தொல்காப்பியம் படித்தோம்.

ஆயினும் புதிய பாடசாலையொன்றிலே சேர்ந்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்திலே 'வியாபாரம்' என்று எழுதினோம். பல்கலைக்கழக விடுதியிலே கேட்டபோதும் அதையே சொன்னோம். ஆசிரிய நியமனம் பெற்றுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தபோதும், மேல்மாடியிலே இருந்த முதியவர் "எந்தப் பகுதி?" என்று விசாரித்தபோது ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டு, "வலிகாமம்" என்று பொதுப்படையாகக் கூறினோம். எமது சமூகத்திலே ஊரைக் கேட்பவர் ஊரை அறிவதற்காகக் கேட்பதில்லை என்பதை வாசகர் அறிவர். தந்தையார் 2014இலே மறைந்தார். மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டும் கையளிக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே. மூன்றாண்டுகள் பொறுத்திருந்தால் அவர் அந்தக் கரையை ஒருமுறை மிதித்திருப்பார்.

இவ்வாறிருக்க, மாசி மாதத்திலே எம் அம்மான் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தார். தாயாரின் தமையனாராகிய அவர் 1986இலே நாட்டை விட்டுச் சென்றவர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான், இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே கைவிடப்பட்டுப் பனிமூட்டத்துள் அலைந்த 155 ஈழத்தமிழரை நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீனவர்கள் கண்டு மீட்டனர். கஸ் டால்ற்றன் என்ற படகுத் தலைவரின் பெயரைக் கனடாத் தமிழர் இன்றும் நன்றியோடு கூறுவர். அம்மான் அந்தப் படகுகளில் வந்தவர் அல்லர். விமானத்திலே போய் இறங்கியவர். எனினும் அந்தக் கதையை அவர் சொல்லாத நாள் இல்லை. "கடலிலே மனுசனைக் கண்டால் எந்தச் சாதி, எந்தப் பாசை எண்டு கேக்கிறவன் மீன்பிடிகாரன் இல்லை" என்பார். அந்த மீனவர்களுக்கு அடுத்து நேர்ந்ததையும் சேர்த்தே சொல்வார். மிதமிஞ்சிய பிடிப்பினாலே கொட் மீன் அருகிப்போக, 1992 ஜூலையிலே அதைப் பிடிப்பதற்கு அரசு தடை விதித்தது. ஏறக்குறைய 30,000 பேர் தொழிலை இழந்தனர். அகதிகளைக் கரைசேர்த்த மக்களே தம் கடலுக்கு அகதிகளாயினர்.

அம்மான் ஸ்காபரோவிலே முப்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்தார். வாரவிடுமுறை நாள்களிலே ஆறுகளுக்குச் சென்று தூண்டில் போடுவது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. "என்ன மீன் அண்ணை?" என்று தாயார் கேட்க, "சமன்" என்றார். தாயார் சிரித்தார். "ரின்னுக்குள்ள கிடக்கிற சமனையோ?" எமது நாட்டிலே கடைக்காரர் 'சமன் ரின்' என்று எடுத்துத் தருவதைத் திறந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறொரு மலிவான மீன், பெயர் மாத்திரமே சமன். அந்தத் தகரத்தைத் தவிர வேறெந்தச் சமனையும் எம் வீட்டார் கண்டதில்லை. அம்மான் கைத்தொலைபேசியிலே படம் காட்டினார். ஒரு சிறுபிள்ளையின் நீளமுள்ள, கருமை படர்ந்த மீனை அவர் அணைத்துக்கொண்டு நின்றார்.

அந்த மீனின் வரலாறு எம்மைக் கவர்ந்தது. ஒன்ராறியோ ஏரியிலே முன்னொரு காலத்தில் அதற்கே உரிய அத்திலாந்திக் சமன் இனம் திரளாக வாழ்ந்தது. குடியேறியோர் காடுகளை வெட்டினர், ஆலைகளுக்காக ஆறுகளை மறித்து அணைகட்டினர், வரம்பின்றிப் பிடித்தனர். முட்டையிட ஆறேற வழியின்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அந்த இனம் அங்கு அற்றுப்போயிற்று. பின்னர் 1960களின் பிற்பகுதியிலே, பசுபிக் கரைக்குரிய கோஹோ, சினூக் என்னும் சமன் இனங்களைக் கொண்டுவந்து அந்தப் பேரேரிகளில் விட்டனர். பொரிப்பகத்திலே பிறந்து, தன் மூதாதையர் கண்டிராத ஏரியிலே வளர்ந்த அந்த மீன், தான் குஞ்சாக விடப்பட்ட ஆற்றின் மணத்தை நினைவிற்கொண்டு சில ஆண்டுகளின் பின் அங்கேயே திரும்பி வருகிறது. முட்டையிடுகிறது, இறக்கிறது. புரட்டாதி மாதத்திலே போட் ஹோப் நகரத்துக் கனரஸ்கா ஆற்றின் ஓரத்திலே நின்று அது துள்ளி ஏறுவதைப் பார்ப்பதற்கென்றே சனம் கூடுமாம்.

"அதுகளும் இடம்பெயர்ந்த சனந்தான் தம்பி," என்றார் அம்மான். "ஆனா அதுகளுக்குத் திரும்ப ஒரு ஆறு கிடக்கு."

ஆறேறத் தொடங்கிய சமன் உண்பதை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. அவ்வாறாயின் தூண்டிலிலே எதைக் கண்டு வாய்திறக்கும்? அதன் இனத்தின் முட்டையைக் கண்டே வாய்திறக்கும். இளமையிலே முட்டை தின்ற பழக்கம் என்பர் சிலர். முட்டையிடும் இடத்தைக் காக்கும் சினம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், சினை வாசனை நீரிலே பரவும்போது மீன் வருகிறது. ஆதலின் பிடித்த பெண்மீனின் சினையைப் பதப்படுத்தி இரையாக்குவது அங்குள்ள தூண்டிற்காரரின் கலை. அந்தக் கலையை எமக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று அம்மான் பிடிவாதமாக நின்றார்.

அதற்குச் சினையுள்ள மீன் வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையிலே துண்டமாக்கிய மீனையே வாங்கிப் பழகிய எமக்கு, வயிறு நிறைந்த மீனை யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. அப்போது கடைசி வாங்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் அவனை அழைத்துக் கேட்டோம். வகுப்புக்கு வெளியே நாம் அவனோடு பேசிய முதற் சந்தர்ப்பம் அது. சிரிப்புக்கு உள்ளான அன்று அழைத்துப் பேசாத நாம், எமக்கு ஒரு தேவை வந்தபோது அழைத்தோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவன் அதைப் பொருட்படுத்தியவனாகத் தோன்றவில்லை. "சனிக்கிழமை கொண்டு வாறன் சேர்," என்றான். அறக்குளாவின் சினை இரண்டு சோடியை ஐஸிலே பொதிந்து கொண்டுவந்தான். காசு வாங்க மறுத்தான்.

பதப்படுத்துவதற்கு வேண்டிய முதன்மையான சரக்கு எதுவென்று கேட்டபோது, அம்மான் சொன்ன ஆங்கிலப் பெயர் எமக்கு உடனே பிடிபடவில்லை. விசாரித்தபோது அது வெண்காரம் என்று தெரிந்தது. சித்த மருத்துவ நூல்களிலே படித்த பெயர். பொற்கொல்லர் நகைக்குப் பொடிவைத்து ஊதும்போது இடும் பொருள். செட்டியார் தெருவுக்குச் சென்று நூறு கிராம் வாங்கிவந்தோம். கனடிய ஆற்றுமீனுக்குரிய மருந்து கொட்டாஞ்சேனைக்கு அருகே தங்கம் உருக்குவோரிடம் இருந்தது கண்டு அம்மானுக்குப் பெருமகிழ்ச்சி.

அவர் சமையலறையிலே செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினார். சினையிலே இரத்தம் தங்கக்கூடாது. தங்கினால் கறுத்து நாறும். ஆதலால் மீன் பிடிபட்ட உடனேயே செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட வேண்டும். எஞ்சிய நரம்புகளைக் கரண்டியின் பின்புறத்தாலே வழித்துவிட வேண்டும். குழாய்நீரிலே கழுவலாகாது, நன்னீர் பட்டால் முட்டை வெளிறி இறுகிவிடும், துணியினாலே ஒற்றியெடுக்க வேண்டும். பின்னர் சவ்வோடு சேர்த்துச் சிறு துண்டங்களாக வெட்டி, வெண்காரம், உப்பு, சீனி மூன்றையும் கலந்து தூவி, செந்நிறச் சாயமும் சிறிது சேர்த்து, பையிலே இட்டுக் கட்டி ஒருநாள் வைக்க வேண்டும். முதலிலே உப்பு முட்டையின் நீரை வெளியே இழுக்கும். பை நிறையச் சாறு நிற்கும். அதைக் கொட்டிவிடுபவன் வேலை தெரியாதவன். சில மணி நேரத்தில் அந்தச் சாறு முழுவதையும், அதிலே கரைந்துள்ள உப்பையும் சீனியையும் சாயத்தையும் முட்டையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெண்காரம் முட்டையின் தோலை இறுக்கி அழுகலைத் தடுக்கும். அதன்பின் நிழலிலே உலர்த்தி எடுத்தால் மாதக்கணக்கிலே குளிர்ப்பெட்டியில் வைக்கலாம்.

பார்த்துக்கொண்டிருந்த எமக்குத் தந்தையாரின் கைகள் நினைவுக்கு வந்தன. வாடியிலே கருவாட்டுத் தொட்டியருகே நின்று, உப்பு நீரை எப்போது வடிப்பது, எப்போது விடுவது என்று விரலாலே தொட்டுப் பார்த்து அவர் சொல்வார். சிங்கள மீனவர் கொறுக்காயும் உப்பும் இட்டுப் பானையிலே அமுக்கும் 'ஜாடி'யும் இதே அறிவின் மற்றொரு கிளையே. எழுத்தறியாத கைகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இரசாயனம் இது. இதை நாம் எந்த வகுப்பிலும் அறிவு என்ற பெயரால் அழைத்ததில்லை.

மறுநாட் காலையிலே ஒரு விபரீதம் நேர இருந்தது. தாயார் குளிர்ப்பெட்டியைத் திறந்து, செக்கச்செவேலென்று மிளகாய் புரட்டியதுபோற் கிடந்த சினையைக் கண்டு, தமையனார் பொரியலுக்காகப் பதமாக்கி வைத்திருக்கிறார் என்று எண்ணித் தாச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டார். அம்மான் பாய்ந்து வந்து தடுத்தார். "பிள்ளை, இது சோத்துக்கில்லை! வெண்காரம் போட்டது வயித்துக்குக் கூடாது." தாயார் திகைத்து நின்றார். உண்ணத்தக்க ஒரு பொருளை உண்ணத்தகாததாக மாற்றுவதற்கு இத்தனை பக்குவமா என்று அவர் கேட்டார். முகாமிலே பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்ற பெண்ணின் கேள்வி அது. அம்மானிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஞாயிறு மாலை வெள்ளவத்தைக் கடற்கரைக்குச் சென்றோம். மாசி மாதம் மேற்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் காலம். புகையிரதப் பாதையைக் கடந்து, கருங்கற்களின் மேல் ஏறி நின்றோம். அம்மானின் அழைப்பின்பேரில் மாணவனும் முகத்துவாரத்திலிருந்து பேருந்திலே வந்திருந்தான். அம்மான் சினைத் துண்டத்தைத் தூண்டிலிலே கோத்தார், அது உதிர்ந்தது. சமனின் முட்டை கடலைப்பருப்பளவு பருத்தது. அறக்குளாவின் முட்டையோ ரவையினும் நுண்ணியது. அவர் நுளம்புவலைத் துண்டிலே சினையை முடிந்து நூலாற் கட்டி எறிந்தார். ஒருமணி நேரம் சென்றது. நண்டுகளும் பொடிமீன்களும் முடிச்சைக் கொறித்து வெறுமையாக்கின. ஆறேறாத எங்கள் கடல்மீன்களுக்கு அந்தச் செந்நிறமும் சீனியும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. மாணவன் தன் பையிலிருந்து ஒரு கணவாய்த் துண்டத்தை எடுத்து, கையிலே சுற்றிய நரம்பை வீசினான். பத்து நிமிடத்திலே ஒரு பாரைக்குஞ்சு துள்ளிக்கொண்டு வந்தது. அம்மான் விழுந்து விழுந்து சிரித்தார். "வெண்காரம் தோத்துப்போச்சு," என்றார்.

பின்னர் அவர் சமன் மீனின் கதையை அவனுக்கும் கூறினார். அவன் கூர்ந்து கேட்டான். முடிவிலே ஒரு வினாவை எழுப்பினான்: "முட்டை போடத் திரும்பி வாற மீனை, அதோட முட்டையையே காட்டியா புடிக்கிறாங்க?"

அம்மான் உடனே விடை கூறவில்லை. சிறிது பொறுத்து, வேறொன்றைச் சொன்னார். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே, கடைகளில் விற்கும் சில பதச்சரக்குகளால் ஆக்கிய சினையை உண்ட சமன் குஞ்சுகள் இறப்பதை ஆய்வாளர் 2010ஆம் ஆண்டளவிலே கண்டறிந்தனர். நிறம் மங்காதிருக்கச் சேர்த்த சோடியம் சல்பைற்று என்னும் உப்பே அதற்குக் காரணமாக இனங்காணப்பட்டது. பெரிய மீனுக்காக எறிந்த இரையைச் சிறிய மீனும் தின்னும் அல்லவா? அதன்பின் கலவைகளை மாற்றினர். "நான் அந்த உப்புப் போடுறேல்லை," என்றார் அம்மான், குற்றஞ்சாட்டப்பட்டவர் போல.

மாணவன் குனிந்து கற்களின் இடையிலே கிடந்த மணலைக் கிளறினான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வெண்மையான, ஒளி ஊடுருவும் சிறு மணிகள் நாலைந்து கிடந்தன. "இதுவும் முட்டை மாதிரித்தான் சேர். மீனுக்கு வித்தியாசம் தெரியாது."

அவை பிளாத்திக்கு மணிகள். 2021ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலிலே தீப்பற்றியது. 1,486 கொள்கலன்களோடு நின்ற அந்தக் கப்பல் ஜூன் மாதத் தொடக்கத்திலே தாழ்ந்தது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள் கடலிலே கலந்து மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, தடை நீங்கிய பின்னரும் மீனை வாங்குவாரில்லை. அடுத்த ஆண்டிலே பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. சிறு படகுகள் மண்ணெண்ணெயிலே ஓடுபவை. 2025 ஜூலையிலே உயர் நீதிமன்றம் கப்பற் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்த ஆண்டுகளிலே மாணவனின் தந்தையார் வாங்கிய கடன் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அது வட்டியோடு வளர்ந்துவந்தது.

"சித்திரையோட பள்ளிக்கூடத்த விடலாம்னு அப்பா சொல்றாரு," என்றான் அவன், பாரைக்குஞ்சைத் தாளிலே சுற்றியபடி. "படகுக்கு ஆள் காணாது. படிச்சு மட்டும் என்ன சேர்? எங்களப் பக்கத்துல இருக்க விடமாட்டாங்கதானே."

அப்போது அம்மான் எம்மைக் கேளாமலே பேசினார். "தம்பி, உன்ர சேற்ற தகப்பன் ஆரெண்டு தெரியுமோ? மயிலிட்டியிலை பங்குக்குப் போன தொழிலாளி. கருவாட்டு வாடியிலை உப்புக்கை ஊறின மனுசன். அந்தக் காசிலைதான் இவர் இண்டைக்குச் சேர்."

மாணவன் எம்மை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்திலே முதலிலே தோன்றியது மகிழ்ச்சி. அதைத் தொடர்ந்து வேறொரு எண்ணம் தோன்றியது. அவன் வாய்திறந்து கேட்கவில்லை. எனினும் நாம் அதைப் படித்துக்கொண்டோம். அப்படியானால் அன்று ஏன் பேசாதிருந்தீர்கள்?

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பதப்படுத்திய சினையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தோம். கல்வி எம்மை என்ன செய்தது? எம்முள்ளிருந்த நீரை முதலிலே வெளியே இழுத்தது. உப்பும் சீனியும் சாயமும் கலந்து மீண்டும் எமக்கே ஊட்டியது. தோல் இறுகிற்று. நிறம் ஏறிற்று. எமது சாதியினதும் வர்க்கத்தினதும் பிள்ளைகளுக்கு, 'படித்தால் இவரைப் போல ஆகலாம். மீன் மணம் இல்லாத வாழ்வு கிட்டும்' என்று காட்டுவதற்கு ஏற்ற பொருளாக நாம் ஆகியிருந்தோம். தன் இனத்தையே ஈர்ப்பதற்காகத் தூண்டிலிலே கோத்த சினைக்கும் எமக்கும் என்ன வேறுபாடு? தம் தந்தையின் கைகளைக் கண்டு நாணுமாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கல்வி, அவர்களை உயர்த்துவதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகக் கரையிலே இழுத்துப் போடுகிறது. கடலோ உரிமையற்றவர்களுடையதாகவே இருந்துவிடுகிறது.

கல்வி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அந்தச் சிறுவன் பாடசாலையை விட்டால் வெல்லப்போவது கடன்காரனே. எமது குறை வேறு. உழைப்போரின் பிள்ளை தன் அறிவையும் தன் மணத்தையும் வாசலிலே கழற்றி வைத்துவிட்டே வகுப்பினுள் நுழையலாம் என்று நாமே ஒரு சட்டம் வைத்திருந்தோம். அதற்கு முதலிலே கீழ்ப்படிந்தவரும் நாமே.

திங்கட்கிழமை நற்றிணைப் பாட்டை மீண்டும் எடுத்தோம். தொடங்குமுன், எமது தந்தையார் மீன்பிடித் தொழிலாளி என்பதையும், பாடசாலைப் பதிவிலே வியாபாரம் என்று எழுதியதையும், சென்ற முறை ஒருவன் மூக்கைப் பொத்தியபோது அச்சத்தினாலேயே வாளாவிருந்ததையும் வகுப்பிலே கூறினோம். குரல் இடையிடையே தடுமாறியது. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னர் கடைசி வாங்கை நோக்கி, பாட்டிலே சுறாவை அறுத்துக் காயவைக்கிறார்களே, அது எவ்வாறு என்று விளக்கும்படி கேட்டோம். அவன் தயங்கி எழுந்தான். சுறா மற்ற மீனைப் போன்றதல்ல என்றான். உடனே அறுத்து இரத்தத்தைக் கழுவி உப்பிடாவிட்டால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும் என்றான். தடித்த இறைச்சியை மெல்லிய பாளமாகக் கீறினாலொழிய உள்ளே உப்புச் சேராது என்றான். காகம் காலையிலும் பருந்து உச்சியிலும் வரும், ஆதலால் நாள்முழுதும் ஒருவர் நிற்க வேண்டும் என்றான். பாட்டிலே பறவை ஓட்டும் பெண்ணுக்கு ஏன் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று. நான்காண்டுகள் பல்கலைக்கழகத்திலே படித்த உரைகள் சொல்லாத உரை அது.

இதனாலே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மறுநாள் வெறுமையான வாங்கிலே ஒரேயொரு மாணவன் வந்து அமர்ந்தான். மூக்கைப் பொத்தியவன் அல்லன், வேறொருவன். ஒரு மாதத்தின் பின் அந்த வாங்கு நிரம்பியது. சித்திரை விடுமுறையிலே முகத்துவாரம் சென்று தந்தையாரைக் கண்டு பேசினோம். ஆசிரியர் ஒருவர் கரைக்கு வந்தது அவருக்கு வியப்பாக இருந்தது. மீன் நன்றாகப் படும் நாள்களிலே மகன் படகிலே நிற்பான், ஏனைய நாள்களிலே பாடசாலைக்கு வருவான், சாதாரண தரப் பரீட்சை வரையிலே அவ்வாறே நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். தவறும் பாடங்களை மாலையிலே சொல்லிக்கொடுப்பது எமது பங்கு. கடன் அப்படியே இருக்கிறது. அதைத் தீர்ப்பது ஓர் ஆசிரியரின் நல்லெண்ணத்தினாலே ஆகாது. எண்ணெய் விலையையும் கடலின் உரிமையையும் தீர்மானிக்கும் இடத்திலே தொழிலாளர் குரல் கேட்கும்போதே அது ஆகும்.

அம்மான் திரும்பிச் சென்றுவிட்டார். போகுமுன் எஞ்சிய வெண்காரப் பொட்டலத்தை எம்மிடம் தந்தார். அதைச் செட்டியார் தெருவிலே ஒரு பொற்கொல்லரிடம் கொடுத்துவிட்டோம். இந்த ஆண்டு மாணவர் தகவற் படிவம் நிரப்பும் வேளையிலே, ஆசிரியருக்கும் ஒரு படிவம் உண்டு என்று அலுவலகத்திலே கேட்டனர். தந்தையின் தொழில் என்ற இடத்திலே பேனா சிறிது நின்றது. பின்னர் 'மீன்பிடி, கருவாடு' என்று தெளிவாக எழுதிக் கையொப்பம் இட்டோம்.